எட்டாம் தேதி இரண்டு நாள் வந்தது

1976 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். பாலக்காட்டில் நல்ல வெயில். காற்று அசையவில்லை. தெற்கே நெல்லியாம்பதி மலைமேல் மட்டும் ஒரு கறுத்த மேகம் நின்றது, அதுவும் இறங்கி வருகிற மாதிரி இல்லை. பெரிய கடைவீதிக்குப் பின்புறச் சந்தில் ஒரு புத்தக பைண்டிங் கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கடை அடைத்திருந்தது. வாசலில் வரிசையாகச் செருகியிருந்த பலகைகளை எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் நம்பர் எழுதியிருந்தது, அதையும் சரிபார்த்தேன். நம்பர் சரியாக இருந்ததால் எனக்கு எந்த லாபமும் இல்லை.

அந்தப் பலகைகளுக்குப் பின்னால் என் ரிக்கார்டு இருந்தது. மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு எனக்குப் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை, பௌதிகச் செய்முறை. அதோடு கல்லூரி முடிகிறது. ஆனால் ரிக்கார்டு இல்லாதவனைச் செய்முறைக்கு உட்கார விடமாட்டார்கள். செய்முறைக்கு உட்காராதவன் அதற்கு முன் எத்தனை பேப்பர் எழுதியிருந்தாலும் தேறமாட்டான். நான் ஏழு பேப்பர் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். இருபத்தொரு மணி நேரம் எழுதியதும், அதற்கு முன் முப்பத்தொரு நாள் லீவில் படித்ததும் அந்தப் பலகைகளுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன.

ரிக்கார்டு என்பது இப்போது படிக்கிறவர்களுக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் செய்த ஒவ்வொரு சோதனையையும் படம் வரைந்து, அளவு எழுதி, விடை கண்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்துவைக்கிற தடிமனான நோட்டு. என்னுடையதில் இருபத்தெட்டு சோதனைகள், நூற்று அறுபத்து நான்கு பக்கங்கள். முதல் தாள் சர்ட்டிபிகேட். இது இன்னார் தானே செய்து எழுதியது என்று அதில் ஆசிரியரும் துறைத் தலைவரும் கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையும் வைத்திருப்பார்கள். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் மற்ற எல்லாத் தாளும் சாதாரணக் காகிதம்தான்.

அது பைண்டரிடம் போன காரணத்தையும் சொல்லவேண்டும். எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய முதலமடையில். மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் படிக்க முடியாது. மாங்காய் பறிப்பு நடக்கும். எடை போடுகிறவர்கள், வைக்கோல் விரிக்கிறவர்கள், லாரிக்காரர்கள் என்று ஒரு நாளைக்கு முப்பது பேராவது உள்ளே வந்து தண்ணீர் கேட்பார்கள். அதனால் தோப்புக் கிணற்றடியில் இருந்த மோட்டார் ரூமுக்குப் புத்தகங்களோடு போய்விட்டேன். அங்கே ரிக்கார்டைத் தரையில் ஒரு பலகைமேல் வைத்து, இனி செய்முறைக்குத்தானே வேண்டும் என்று எட்டு நாள் தொடவில்லை. ஒன்பதாம் நாள் எடுத்தபோது முதுகு கையோடு வந்துவிட்டது. கரையான் முதுகுத் துணியைத் தின்று, பின் அட்டையைத் தின்று, கடைசியில் எழுதாமல் விட்டிருந்த பன்னிரண்டு பக்கங்களையும் தின்றிருந்தது. எழுதிய பக்கங்களில் மூன்றில் மட்டும் ஓரம் போயிருந்தது. எழுதாத பக்கத்தைத் தின்று எழுதிய பக்கத்தை விட்டுவைத்த கரையானை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை.

ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினர் கையில் இதைக் கொடுத்தால் மேஜையெல்லாம் உதிரும், பைண்டு செய்து எடுத்து வா என்று சொன்னார்.

ஏப்ரல் 10, சனிக்கிழமை, அதைப் பைண்டரிடம் கொடுத்தேன். பைண்டர் மலையாளி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் அவருடைய தமிழ்; அதில் வயல் கண்டம், வருஷம் கொல்லம்.

"விஷு வருதில்லே குட்டி. அது கழிஞ்சா எனக்குக் கண்டத்துல பணி உண்டு. மேடம் எட்டுக்கு வா, தரும்."

"கண்டிப்பா எட்டுக்குக் கிடைக்குமா சேட்டா? எனக்குப் பரிட்சைங்க."

"முப்பது கொல்லமா இந்தப் பணி செய்யுறேன். நான் பறஞ்ச தேதி மாறினதில்லே."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் மலையாள மாதத்தைத் தமிழ் மாதமாக மாற்றுவது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். மேடம் என்றால் சித்திரை, இடவம் என்றால் வைகாசி. பள்ளிக்கூடத்திலும் வில்லேஜ் ஆபீசிலும் வேறு பெயர் சொல்வார்கள், நாங்கள் எங்கள் பெயரில் வைத்துக்கொள்வோம். அப்பா சுவரில் தொங்கிய பொள்ளாச்சிக் கடைக் காலண்டரின் தாள்களைப் புரட்டினார்.

"மேடம் எட்டுன்னா சித்திரை எட்டு. செவ்வாக்கெழம வருது. உனக்குப் பரிச்சை என்னைக்கு?"

"பொதன்கெழமைங்ப்பா."

"அப்பறம் என்னொ. மொத நாளே கைக்கு வந்துருது. அன்னாடும் அதையே நெனச்சுட்டு ஒக்காந்திருக்காதெ, படி."

நான் சட்டைப்பை டைரியில் சித்திரை 8 என்று அச்சடித்திருந்த இடத்தில் ரிக்கார்டு என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அந்தச் சித்திரை எட்டில்தான் இப்போது கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் குடை ரிப்பேர் செய்கிற ராவுத்தர் ஒருவர், மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எட்டுக் குடைகளை விரித்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"பைண்டரா? ஊட்டுக்குப் போயிட்டாரு தம்பி. நாளைக்குப் பத்து மணிக்கு மேல வருவாரு. எட்டாந்தேதி ஒரு பையனுக்குச் சாமான் குடுக்கணும், நான் வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"அந்தப் பையன் நான்தாங்க. இன்னைக்குத்தானே எட்டு?"

"இன்னைக்கு ஏழு."

"இல்லீங்க, எட்டு." டைரியை எடுத்துக் காட்டினேன்.

அவர் என் டைரியைப் பார்த்தார். பிறகு எழுந்து, குடைக்கம்பிகள் தொங்கிய ஆணியிலிருந்து ஒரு மலையாளக் காலண்டரை எடுத்துவந்து என் டைரிக்குப் பக்கத்தில் பிடித்தார். ஏப்ரல் 20, செவ்வாய், மேடம் 7. என் டைரியில் ஏப்ரல் 20, செவ்வாய், சித்திரை 8. இரண்டும் அச்சடித்தவை. இரண்டிலும் கிழமை ஒன்று, இங்கிலீஷ் தேதி ஒன்று.

"ரெண்டும் சரியாத்தான் இருக்கும் தம்பி. எங்கிட்டக் கேட்டா இன்னைக்குப் பிறை இருபது. வெள்ளைக்காரன் கணக்குலயும் இருபது. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. பக்கத்துப் பக்கத்துல இருக்கற உங்க ரெண்டு பேருக்கு ஒத்துப்போகல பாரு."

பயந்துதான் போனேன். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் எழுந்தது, அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. இது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை. பரீட்சை போகிற நேரத்தில் நடுச்சந்தில் நின்று, அந்த மலையாளக் காலண்டரை ஒவ்வொரு நாளாகப் பின்னால் எண்ணிக்கொண்டு போனேன். அவர்களுக்கு மேடம் ஒன்று ஏப்ரல் 14, புதன். எங்களுக்குச் சித்திரை ஒன்று ஏப்ரல் 13, செவ்வாய். மாதம் பிறந்ததிலேயே ஒரு நாள் இடிக்கிறது.

பல வருஷம் கழித்துப் பஞ்சாங்கம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தேன். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போகிற நேரத்தை வைத்துத்தான் இரண்டு பேரும் மாதத்தைத் தொடங்குகிறார்கள். அஸ்தமனத்துக்குள் போய்விட்டால் தமிழ்க் கணக்கில் அன்றே முதல் தேதி. மலையாளக் கணக்கில் உச்சி தாண்டிக் கொஞ்ச நேரத்துக்குள் போயிருக்க வேண்டும், தவறினால் மறுநாள்தான் முதல் தேதி. அந்த வருஷம் சூரியன் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் போயிருக்கிறது. எல்லா வருஷமும் இப்படி வராது. வராத வருஷங்களை வைத்துத்தான் நாங்கள் மேடம் என்றால் சித்திரை என்று கணக்குப் பண்ணிப் பழகியிருந்தோம்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் ஒன்று. எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சித்திரைக் கனி பார்த்தோம். அடுத்த நாள், புதன்கிழமை விடியற்காலையில், தோப்புக்கு வடக்கே இருந்த நாயர் வீட்டில் மேடம் முதல் நாளான விஷுவுக்குப் பட்டாசு வெடித்தார்கள். நான் பாயில் படுத்தபடியே எத்தனை வெடி என்று எண்ணினேன். நாற்பத்திரண்டு. இரண்டு வெடிக்கவில்லை, அதைத் தனியாகக் கணக்கில் வைத்தேன். ஏன் ஒரு நாள் கழித்து வெடிக்கிறார்கள் என்று மட்டும் என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

பைண்டரின் வீடு கொடுவாயூர் என்று ராவுத்தர் சொன்னார். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். அவசர நிலைக் காலம், ஐந்து மணி பஸ் ஐந்துக்கே கிளம்பியது. பைண்டர் வயலில் வரப்புச் செதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது.

"எந்தா குட்டி, இவ்விடம் வரைக்கும்? நாளைக்கல்லே எட்டு?"

நான் காலண்டர் கதையைச் சொன்னேன். அவர் மண்வெட்டிக் காம்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"அப்போ நான் பறஞ்சது தெற்றில்லே."

"தப்பில்லைங்க சேட்டா. எனக்குப் பரிட்சை நாளைக்குக் காலைல ஒம்பதரைக்கு."

"பிரஸ்ஸுல இருக்கு. இன்னைக்கு உச்சிக்குத்தான் பசை தேய்ச்சு அட்டை ஏத்தினேன். மைதாப் பசை, மயில்துத்தம் சேர்த்திருக்கு, இனி கரையான் அந்தப் பக்கமே வராது. நாளைக்கு வைகுந்நேரம், சாயங்காலம் வரைக்கும் அமுங்கிக் கிடக்கணும். முன்னே எடுத்தா அட்டை வளையும்."

"வளைஞ்சாலும் பரவால்லைங்க."

"உனக்குப் பரவால்லே. என் பணிக்குப் பேரு போகும்."

எனக்குக் கெஞ்சத் தெரியாது, அழவும் வரவில்லை. வரப்பில் அவர் செதுக்கிப் போட்டிருந்த புல்கட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். முப்பது வரை வந்தபோது அவரே சொன்னார்.

"சரி, காலைல ஆதி பஸ்ஸுக்கு வரேன். ஏழரைக்குக் கடை திறக்கும். ஆனா ஒரு காரியம். பரிட்சைக்கு முன்னால முன் அட்டையைத் திறக்காதே. எவ்வளவு நேரம் மூடி இருக்கோ அவ்வளவு நல்லது."

முதலமடைக்குத் திரும்பிப் போனால் காலையில் வந்துசேர முடியாது. அன்றிரவு கல்பாத்தியில் என்னோடு படித்த ஒருவன் வீட்டில் தங்கினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

"நோக்கு எண்ணத் தெரியும்னு வகுப்பே நம்பிண்டிருந்துதுடா. எங்காத்துல மூணு காலண்டர் தொங்கறது. சம்பளத்துக்கு இங்கிலீஷ், திதிக்குத் தமிழ், பால்காரனுக்கு மலையாளம். ஒண்ணை இன்னொண்ணோட கலக்கப்படாதுன்னு அம்மா சொல்லுவா."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ கேட்டாத்தானே."

மறுநாள் ஏழு மணிக்கே கடை முன்னால் நின்றேன். பைண்டர் ஏழு இருபத்தைந்துக்கு வந்தார். பலகைகளை நம்பர் வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். நான்கு பலகை கழற்றினால் ஆள் நுழையலாம், ஆனால் பதினொன்றையும் கழற்றிய பிறகுதான் உள்ளே போனார். பிரஸ்ஸின் திருகைத் தளர்த்தி என் ரிக்கார்டை எடுத்தார். பச்சைக் காலிகோ முதுகு, கறுப்பு அட்டை, மூலைகளிலும் பச்சைத் துணி. கல்லூரியில் எவனிடமும் அப்படி ஒரு ரிக்கார்டு இல்லை. தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. முன்னும் பின்னும் பழைய பேப்பர் வைத்துச் சணலால் கட்டிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், நின்றபடியே குடித்தார். அவருடைய பஸ் காசை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னபடி நான் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரமாக நடந்துபோகையில் சணலைக்கூடத் தளர்த்தவில்லை. பின்னால் நடந்தது சொன்ன பேச்சைக் கேட்டதால் வந்த வினை.

செய்முறைப் பரீட்சைக்கு எங்கள் அணியில் பன்னிரண்டு பேர். எங்கள் ஆசிரியர் உள் எக்ஸாமினர். வெளியிலிருந்து வந்தவர் வடக்கு மலபார் பக்கத்துக்காரர், கண்ணாடி போட்டவர், கழுத்துப் பொத்தான் வரை சட்டையை மாட்டியிருந்தார். ஒவ்வொருவரும் ரிக்கார்டை அவர் மேஜைமேல் வைத்து, சர்ட்டிபிகேட்டைத் திறந்து காட்டிவிட்டு, தட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் இருப்பதுதான் அவனுக்குச் சோதனை.

நான் சணலை அவிழ்த்து முன் அட்டையைத் திறந்தேன். அட்டைக்கு அடுத்து அட்டவணைப் பக்கம் வந்தது. சர்ட்டிபிகேட்டைக் காணவில்லை. மறுபடி மூடித் திறந்தேன். அட்டவணைதான். மூன்றாம் முறை விரலால் தடவியபோதுதான் தெரிந்தது. அட்டையின் உட்புறத்தில் ஒட்டிய தாளின் ஈரம் அடுத்த தாளையும் பிடித்துக்கொண்டிருந்தது. சர்ட்டிபிகேட், எழுத்துள்ள பக்கம் உள்ளே போய், அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன். ஒரு சிறு துண்டு கிழிந்து வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

எக்ஸாமினர் ரிக்கார்டைத் தன் பக்கம் திருப்பி முகர்ந்து பார்த்தார்.

"என்ன வாசனை இது?"

"பசைங்க சார். மயில்துத்தம் போட்டது."

"எப்போது பைண்டு செய்தது?"

"நேத்து மத்தியானம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் அப்படி நடப்பதுண்டு. முந்தின வருஷத்து மாணவனின் ரிக்கார்டை வாங்கி, பெயர் இருக்கிற சர்ட்டிபிகேட்டைக் கிழித்து எறிந்து, புது அட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருந்தார்கள். பரீட்சைக்கு முதல் நாள் போட்ட புது அட்டை, காணாமல் போன சர்ட்டிபிகேட். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

எங்கள் ஆசிரியர் குறுக்கே வந்தார். "இவன் எழுதியதுதான். அதில் என் கையெழுத்து இருக்கிறது, நானே போட்டேன்."

"போட்டிருப்பீர்கள். நான் அதைப் பார்க்க வேண்டும்." என்னைப் பார்த்தார். "சோதனையைச் செய். பன்னிரண்டரைக்குப் பேப்பர் வாங்குவேன். அதற்குள் சர்ட்டிபிகேட்டைக் காட்டினால் உன்னுடையதையும் வாங்குவேன். இல்லாவிட்டால் நீ இன்று வரவில்லை என்று எழுதுவேன்."

சீட்டு எடுத்தேன். கூட்டு ஊசல். ஓர் இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் தொங்கவிட்டு, ஆட்டிவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து பூமியின் ஈர்ப்பு விசைக்கு ஒரு கணக்கு வரும். பதினெட்டுத் துளை, ஒவ்வொன்றிலும் இரண்டு முறை, மொத்தம் எழுநூற்று இருபது அலைவுகள். எண்ணத் தெரிந்தவனுக்கு இதைவிட நல்ல சீட்டு கிடையாது. வேறு எந்த நாளிலாவது கிடைத்திருந்தால் துள்ளியிருப்பேன்.

எண்ணிக்கொண்டே இருந்தேன், ஆனால் கண் மேஜைமேல் இருந்த கறுப்பு அட்டையில்தான் இருந்தது. பதினோரு மணிக்கு எண்களையெல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தேன். தொள்ளாயிரத்து எண்பதை ஒட்டி வரவேண்டிய விடை ஆயிரத்து எண்பத்தைந்து என்று வந்தது. பாலக்காட்டில் பூமி அவ்வளவு பலமாக இழுக்காது. மறுபடி கூட்டினேன், அதே விடை. அப்புறம் சட்டத்தை மெதுவாக ஆட்டிவிட்டு நான் என்ன செய்கிறேன் என்று கவனித்தேன். கடிகாரத்தை அழுத்தும்போதே வாய் ஒன்று என்று சொன்னது. பூஜ்யம் என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் அலைவு முடிந்த பிறகுதான் ஒன்று. ஆக நான் இருபது என்று எழுதியதெல்லாம் பத்தொன்பது. முதல் வருஷப் பையன் செய்கிற தப்பு.

எல்லாத் துளைக்கும் திரும்பச் செய்ய நேரமில்லை. நடுத் துளை ஒன்றில் சரியாக எண்ணிச் சோதித்துப் பார்த்தேன், பத்தொன்பதுதான் என்பது உறுதியானது. எழுதியதை அடிக்காமல், எண்ணிக்கை 19 என்று மேலே குறிப்பு எழுதிவிட்டு, முப்பத்தாறு எண்களையும் பத்தொன்பதால் வகுக்க ஆரம்பித்தேன். பத்தொன்பதால் வகுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும்.

பதினொன்றே முக்கால் இருக்கும். வலது பக்க மேஜையில் யாரோ உஸ்ஸென்று சீறுவதுபோல் ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். கல்பாத்திக்காரனுக்கு அட்டைத்தாள் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் என்ற சோதனை வந்திருந்தது. அதற்கு ஒரு சிறிய கொதிகலனில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியை ரப்பர் குழாயில் செலுத்த வேண்டும். ஒரு குழாயில் போன ஆவி, வேலை முடிந்து இன்னொரு குழாய் வழியே வெளியே வந்து, மேஜை ஓரத்தில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் முத்திரை விழாத தபால் தலை வந்தால் சோற்றுப் பானை ஆவியில் காட்டித்தான் அம்மா உரித்துத் தருவார்கள். கையெழுத்துக் கலையுமா, முத்திரை ஓடுமா, தாள் நைந்துபோகுமா என்றெல்லாம் ஒரு நிமிடம் யோசித்தேன். நாற்பத்தைந்து நிமிடம்தான் பாக்கி. ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் எக்ஸாமினரிடம் சொன்னார். எக்ஸாமினர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரிக்கார்டைத் தானே கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

கல்பாத்திக்காரன் தலையைத் திருப்பாமல் பல்லுக்குள் பேசினான். "என் ஆவியை எடுத்துண்டு போனியோ, உன் உசிரை எடுத்துடுவேன்."

"வெளிய போறதுதாண்டா. உனக்கு வேண்டாதது."

"குழாயை ஆட்டாதே. முக்கால் மணியா உக்காண்டு இப்பத்தான் சூடு ஒரு நிலைக்கு வந்திருக்கு."

எக்ஸாமினர் அட்டையை விரித்துப் பிடித்தார். நான் குழாய் முனைக்கு நான்கு விரல் தள்ளித் தாளின் ஓரத்தைக் காட்டினேன். இருபது எண்ணினேன். அசையவில்லை. இன்னொரு இருபது. ஓரம் லேசாக எழுந்தது. ஆசிரியர் தன் மேஜையிலிருந்த, தாள் வெட்டுகிற எலும்புக் கத்தியைக் கொடுத்தார். எக்ஸாமினர் அதை வாங்கிக்கொண்டு, என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே உரிக்க ஆரம்பித்தார். அவர் முகத்தில் இப்போது சந்தேகம் இல்லை. அட்டைக்கும் தாளுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆவல்தான் இருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, துடைக்கக்கூட நிற்கவில்லை. இருபதாக எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது இருபதில் தாள் முழுவதும் வந்தது.

மயில்துத்தத்தால் தாள் வெளிர் நீலமாகியிருந்தது. முத்திரை கலங்கிக் கத்தரிப் பூ நிறத்தில் பரவியிருந்தது, ஆனால் வெளிவட்டத்தில் கல்லூரிப் பெயரும் ஊர்ப் பெயரும் படிக்க முடிந்தது. கையெழுத்துகள் இரண்டும் பந்துமுனைப் பேனாவில் போட்டவை, ஒரு கோடுகூட அசையவில்லை. நடுவில் என் பெயர். எக்ஸாமினர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு ரிக்கார்டின் நடுவில் நான்கைந்து இடங்களைப் புரட்டி, அந்தக் கையெழுத்தையும் இந்தக் கையெழுத்தையும் ஒப்பிட்டார்.

"போய் முடி" என்றார்.

பேப்பர் கொடுக்கும்போது என்னை நிறுத்தினார். எல்லோரும் இருபது எண்ணுகிற இடத்தில் நீ ஏன் பத்தொன்பது எண்ணினாய் என்று கேட்டார். பூஜ்யத்தில் தொடங்க வேண்டியதை ஒன்றில் தொடங்கிவிட்டேன், எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சோதித்தேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மதிப்பெண் குறைத்தாரா, கூட்டினாரா என்று எனக்குத் தெரியாது. ஜூலையில் வந்த மதிப்பெண் பட்டியலில் செய்முறைக்கு மொத்தமாக ஓர் எண்தான் போட்டிருந்தார்கள். தேறியிருந்தேன். இரண்டாம் வகுப்பு. அந்தப் பத்தொன்பதுக்கு எத்தனை போட்டார் என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன்.

அன்று பன்னிரண்டரைக்கு வெளியே வந்தபோது இதெல்லாம் எதுவும் தோன்றவில்லை. கல்பாத்திக்காரன் சாப்பிடக் கூப்பிட்டான், போகவில்லை. ஒன்றேகால் மணிக்கு முதலமடை வழியாகப் பொள்ளாச்சி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புதுநகரம் தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது கண்டக்டர் என் தோளைத் தட்டியது. வெளியே பார்த்தால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்.

"ஏனுங் தம்பி, முதலமடை போயிக் கால் மணி நேரமாச்சுங்க."

"எழுப்பியிருக்கலாமேங்க."

"எழுப்புனனுங்க. கண்ணை மூடீட்டே, இன்னும் அஞ்சு இருக்குதுன்னீங்க. நானும் அஞ்சு கல்லு இருக்குதாட்டத் தெரியுதுன்னு உட்டுட்டனுங்க."

பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். மேல்கொண்டு வந்த தூரத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்து, காசு வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டார். திரும்பும் பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. மாங்காய் லாரி ஒன்றின் நிழலில் ரிக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டை கொஞ்சம் வளைந்திருந்தது. முன் அட்டையைத் திறந்து திறந்து மூடினேன், தாள் தனியாக நின்றது. பரீட்சை இல்லை, படிக்க வேண்டியது இல்லை, யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அது நன்றாகத்தான் இருந்தது. டைரியை எடுத்து இந்த இரண்டு நாள் செலவை எழுத ஆரம்பித்தேன்.

பைண்டிங் கூலியை இதில் சேர்க்கக்கூடாது, அது கரையான் செலவு. முதலமடைக்கு எடுத்த பஸ் சீட்டும் எப்படியும் எடுக்கவேண்டியதுதான். கல்பாத்தியில் சாப்பிட்டதற்கு விலை போட முடியாது. கொடுவாயூருக்குப் போகவர ஒரு ரூபாய் இருபது காசு, பைண்டரின் காலை பஸ் அறுபது காசு, இரண்டு டீ நாற்பது காசு, தூங்கிப்போனதற்குச் செக்போஸ்ட் வரையும் திரும்பியும் தொண்ணூறு காசு. எட்டாம் தேதி இரண்டு நாள் வந்ததில் எனக்கு ஆன செலவு மூன்று ரூபாய் பத்துக் காசு.